நாற்பத்தேழு

லியெபாயா டிராம் கொட்டகை. காலை நாலே முக்கால்.
பால்டிக் காற்றுக்குக் கதவைத் தட்டிவிட்டு வரும் பழக்கமில்லை.
அலுவலகத்தில் மூடிய மடிக்கணினியை
அக்குளில் இடுக்கிக்கொண்டு
பனி மூடிய தண்டவாளங்களைத் தாண்டி வருகிறேன்.
கொட்டகையில், எண்ணெய்ப் பீப்பாய்மேல் வைத்துத்
திறக்கிறேன்.

திரை சட்டென்று விழித்துவிடும்.
வைஃபைதான்
எழுந்து உட்கார்ந்த பிறகும்
எந்த ஊர், யார் வீடு என்று தெரியாமல்
திருதிருவென்று முழிக்கும்.

முதல் வண்டி ரஸ்மாவுடையது.
பட்டியலில் அவள் பெயருக்கு நேரே நான் டிக் போட்டால்தான்
வண்டி நகரும்.
நான் மனசுக்குள் எண்ணுவேன்.
அவள் கையுறையைக் கழற்றாமல்
விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

அக்டோபரிலிருந்து ஒரே கதை.
அவள் தங்கை கணவன் குன்டிஸ்
கரோஸ்டாவில் நாலாம் மாடி வீட்டுக்குப்
பியானோ வாங்கிய கதை.
லிஃப்ட் கிடையாது.
தூக்க வந்தவர்கள் மூன்று பேர்,
அதில் ஒருவனுக்கு அன்று காலைதான் பல் பிடுங்கியிருந்தது.
நாளைக்கு இரண்டு படி வீதம்
பியானோ ஏறிக்கொண்டிருந்தது.

நாற்பத்தேழில் இணைப்பு வரும்.
நாற்பத்தாறில் வந்ததே இல்லை.
இவ்வளவு கணக்காகத் தாமதிக்கும் ஒன்று
கெட்டுப்போனதாக இருக்க முடியாது
என்று உறைத்த நாளில்தான் தேட ஆரம்பித்தேன்.

அணைச்சுப் போடு, வெல்கா, என்றான் இந்துலிஸ்.
எல்லாவற்றுக்கும் அவனிடம் அந்த ஒரே மருந்து.
அணைத்துப் போட்டேன்.
மின்சேமிப்புக் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்தேன்.
டிரைவரைப் புதுப்பித்தேன்.
சேமித்து வைத்த பழைய வலைப்பெயர்களை அழித்தேன்:
ஒரு பல் மருத்துவமனை, ஒரு கப்பல்,
யாரோடு போனேன் என்று
இப்போது சொல்ல விரும்பாத ஒரு விடுதி.
நாற்பத்தேழு.

ஒரு ஞாயிறு, லாக்கைத் திறந்து
வரிவரியாகப் படித்தேன்.
பாவம், ரேடியோமேல் பழியே இல்லை.
இரண்டாம் வினாடியிலேயே கைகோத்திருக்கிறது,
கடவுச்சொல்லும் சரி.
அப்புறம் என் கணினி கேட்டிருக்கிறது:
பழைய விலாசத்திலேயே இருந்துகொள்ளட்டுமா?
பதினைந்து வினாடி. பதிலில்லை.
மறுபடி கேட்டிருக்கிறது, அதே மரியாதையோடு.
முப்பது வினாடி.
பிறகுதான்
சரி, ஏதாவது ஒரு விலாசம் கொடுங்கள்.
உடனே கிடைத்திருக்கிறது.

அலுவலகத்தில் ஒரு ரவுட்டர், கொட்டகையில் ஒன்று.
இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்,
குழப்பம் வரக் கூடாதாம்.
தூங்கியது ஒரு வீட்டில், விழித்தது வேறு வீட்டில்.
வாசலில் அதே பெயர்ப்பலகை இருந்தால்
எந்தக் கணினிக்குத்தான் தெரியும்?
கொட்டகை ரவுட்டருக்கோ
அந்த விலாசம் தன் பொறுப்பில்லை.
இல்லை என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.
வாயே திறக்கவில்லை.

கொட்டகைக்கு வேறு பெயர் வைத்தேன்.
ஐந்து நிமிட வேலை, நான்கு மாதத் தேடல்.

திங்கள்கிழமை மூடியைத் திறந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
வந்துவிட்டது.
ரஸ்மா வாயைத் திறந்தாள்,
அதற்குள் என் விரல் டிக் போட்டுவிட்டது.
இருவரும் திரையைப் பார்த்தோம்.
நல்லதாப் போச்சு, என்றாள்.
நல்லதாப் போச்சு, என்றேன்.
மணி அடித்தது, வண்டி வளைவில் திரும்பியது.

இப்போதெல்லாம் முதல் டிராம்
நேரத்துக்குக் கிளம்புகிறது.
மேலாளர் ஒரு வரி பாராட்டு அனுப்பியிருந்தார்.

குன்டிஸ் கீழே ஒரு தோளைக் கொடுத்தபடி,
பல் பிடுங்கியவன் கன்னத்தைப் பிடித்தபடி,
பியானோ
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
குறுக்கே நிற்கிறது.