பத்து லட்சத்தில் முப்பத்திரண்டு

காலாப்பட்டில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் கட்டடத்தின்
தரைத்தளத்தில் இருக்கிறது காந்தம்.
உள்ளே போகும் முன் சாவிக்கொத்து, கைக்கடிகாரம்,
ஏடிஎம் அட்டை, கொண்டை ஊசி
எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட வேண்டும்.

ஒரு துளிக்குள் இருக்கிற புரோட்டான்களைப்
பத்துப் பத்து லட்சமாகக் கூறு போட்டால்
பாதி மேலே பார்க்கும், பாதி கீழே.
எதிரும் புதிருமாய்க் கழித்துக்கொண்டே வந்தால்
மிச்சம் நிற்பது முப்பத்திரண்டு.
எனக்குக் கேட்பது அந்த முப்பத்திரண்டின் குரல்தான்.

அப்பா மீனவர் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் நின்று
மூன்று ஓட்டில் தோற்ற வருஷம்
வீட்டில் யாரும் ஒரு வாரம் பேசவில்லை.
இங்கே முப்பத்திரண்டு ஓட்டு வித்தியாசத்தில்
ஆட்சியே நடக்கிறது.

மாதிரி கொஞ்சமாக இருந்தால் அதுவும் கேட்காது.
தட்டித் தட்டிக் கேட்க வேண்டும்.
நான்கு முறைக்கு இரண்டு மடங்கு தெளிவு,
நூறு முறைக்குப் பத்து.
கந்துவட்டிக்காரன்கூட இப்படிக் கறக்க மாட்டான்.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு முறை
இரவு முழுக்கக் கேட்டுவிட்டு
விடிந்ததும் பார்த்தால்
இரைச்சலுக்குள் இருப்பது மேடா, என் ஆசையா என்று
அந்துவான் பத்து ரூபாய் பந்தயம் கட்டினார்.

அதனால்தான் ஹைட்ரஜன்.
வில்லியனூர்த் திருக்காமு செவ்வாய்தோறும்
மினி லாரியில் திரவ நைட்ரஜன் கொண்டுவருவார்.
அந்தக் குளிரில், துரு அடைத்த குழாய் வழியே விட்டால்
வாயுவில் பாதி பாராவாக மாறிவிடும்.
இரண்டு புரோட்டான், ஒன்று மேல், ஒன்று கீழ்,
கூட்டினால் சுழி.
காந்தத்திடம் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது.

அந்த ஊமையிடம் கடன் வாங்கித்தான் பேச்சு.
இரிடியம் ஒன்று நடுவில் உட்கார்ந்து
ஒரு கையில் அதையும் மறுகையில் பிரிடினையும் பிடிக்கும்.
கண் இமைப்பதற்குள் விட்டுவிடும்.
பிரிடின் எழுந்து போகும்போது
ஓர் அணு கூடவில்லை, குறையவில்லை.
மீன் அங்காடிக்குள் சும்மா நடந்து வந்தாலும்
துப்பட்டாவில் வாடை ஏறுமே, அதுபோல
ஒழுங்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிவிசி குழாயில் நானே சுற்றிய செம்புக்கம்பிக்குள்
பத்து எண்ணும்வரை குலுக்கிவிட்டு
ஓட வேண்டும். ஏழு எட்டு.
அதற்குள்ளேயே கசியத் தொடங்கும்.
முதல் தடவை செருப்பு வழுக்கியது.
இரண்டாம் தடவை கரண்ட் போனது.
பிறகு மழை. மூன்று வாரம் திருக்காமு வரவில்லை.

ஒரு வியாழன், மதியம் இரண்டு ஐம்பது.
ஒரே ஒரு தட்டு.
மலையை எதிர்பார்த்த இடத்தில் கிணறு.
கோடு திரையின் அடிவரை விழுந்து கிடந்தது.
கம்பி கழன்றுவிட்டதென்று குனிந்து தேடினேன்.
குனிந்தபடியே உறைத்தது:
தலைகீழாகக் கத்துகிறது.
எழுநூறு மடங்கு.

கேன்டீனிலிருந்து டீ டம்ளரோடு ஓடிவந்தார் அந்துவான்.
அவருக்காக மறுபடி தட்டினேன்.
வெறும் இரைச்சல்.
ஒருமுறை கேட்டால் தீர்ந்துவிடும் குரல் அது,
தெரிந்தும் தட்டினேன்.
பதிவைக் காட்டினேன்.
"நேர்ல பார்க்கணும் பொண்ணே" என்றார்.
திரும்பக் குலுக்கினேன். திரும்ப ஓடினேன்.

செவ்வாய்க்கிழமை கேனை இறக்கிவிட்டுத் திருக்காமு கேட்டார்:
"சத்தம் கேட்டுச்சாமே?"
கேட்டது. பன்னிரண்டு நொடி நிற்கும் என்றேன்.
"அவ்ளோதானா" என்று ரசீதை நீட்டினார்.
லிட்டருக்கு நாலு ரூபாய் ஏறியிருந்தது.