நடைமேடைச் சீட்டு

ஆளுக்குப் பத்து ரூபாய்.
இரண்டு மணிநேரம் செல்லும்.
நான்காம் நடைமேடையில் தண்ணீர்க் குழாய்க்கு அடுத்த பெஞ்சு,
தலைக்கு மேல் ஓடுகிற ஒரே மின்விசிறி.
வீட்டிலும் இணையம் இருக்கிறது, வேகமாகத்தான்.
கேள்விகள் அதைவிட வேகம்.

ஆகவே ஷம்சாத்தும் நானும்
செவ்வாய், வியாழன் ஆபீஸ் விட்டதும்
மதுரை சந்திப்பில் உட்கார்ந்து
ஐரோப்பாவைக் கடக்கிறோம்.

பாஸ் ஒன்றுதான். ஒரு மாதத்துக்குள் ஏழு நாள் பயணம்.
அந்த நாளில் எத்தனை ரயிலும் ஏறலாம், இறங்கலாம்.
வேகமான ரயில் என்றால் மட்டும்
பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் காசு.
“கல்யாணத்துக்குக் கூப்புட்டு
இலைக்குக் காசு கேக்குறாய்ங்க” என்றாள்.
அன்றிலிருந்து எங்களுக்கு ஆகாது
மூக்கு நீண்ட ரயில்கள்.

பாரிஸிலிருந்து லியோன்.
அதில் போனால் இரண்டு மணிநேரம், தலைக்கு இருபது யூரோ.
நாங்கள் கண்டுபிடித்தது ஐந்து மணிநேரம்,
சல்லிக்காசு இல்லை.
சான்ஸ், தொனேர், மொன்பார், திஜோன்…
உச்சரிப்பு சரிதானா, தெரியாது.
நான் வாசிக்க அவள் எழுதுகிறாள்
பழைய எல்ஐசி டைரியில்,
கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான் என்று எழுதினால்
எப்படி இருக்குமோ அதே கையெழுத்தில்.

மின்வாரியத்தில் பதினேழு வருடம்
அடுத்தவர் யூனிட்டைக் கூட்டியவள்.
இருபது யூரோவை ரூபாயாக்கி
ரூபாயைப் பாலாக்கிவிட்டாள்:
“ஒரு மாசப் பாலு இது. மூணு மணிநேரத்த
மிச்சம்புடிச்சு நான் என்ன செய்ய?”

எனக்கு மெதுவான ரயிலைத் தெரியும்.
கல்யாணம் முறியும்வரை ஆறு வருடம்
திருமங்கலத்திலிருந்து பாசஞ்சரில் வந்துபோனவள்.
கொய்யாக்கூடை ஏறும்,
நர்சிங் படிக்கிற பிள்ளைகள் ஏறும்,
கோர்ட்டில் வாய்தாவுக்குப் போகிறவர்
பைலை மடியில் வைத்துக்கொண்டு
கிராஸிங்கில் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார்.
தொனேரிலும் ஒருவர் ஏறுவார்,
மொன்பாரில் வாய்தா இருக்கும்.

சிக்கல் மாறுகிற இடத்தில்தான்.
திஜோனில் ஒன்பது நிமிடம்.
ஷம்சாத்துக்கு இடது முழங்கால்.
அடித்துவிட்டு அடுத்த ரயிலை எழுதினோம்,
ஒரு மணி எட்டு நிமிடம் கழித்து.
“அவ்வளவு நேரம் என்னடி செய்வோம் அங்க?”
“இப்ப செய்றததான்.”

(அவளுக்கு இன்னும் பாஸ்போர்ட் வரவில்லை.
விசாரணைக்கு வந்த போலீஸ்காரர்
தெருவில் யாரையோ கேட்டுவிட்டுப் போனாராம்.
யாரை என்பதுதான் தெரியவில்லை.)

இரவு ரயில் வேண்டாம், படுக்கைக்குக் கேட்பார்கள்.
ஜெனீவா. ஏரியை ஒட்டியே பிரிக்.
மலைக்குள் ஒரு சுரங்கம்,
வெளியே வந்தால் இத்தாலி.
வெளியே வந்தோம்.
எதிரே கறுப்புக் கோட்டு,
மார்பில் பித்தளையில் ஞானதிரவியம்.

“டிக்கெட்?”

நீட்டினோம். புரட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார்.
நாற்பது நிமிடம் கூடுதல்.
“எங்கம்மா போறீங்க?”
டைரியிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள் ஷம்சாத்:
“தோமோதொசோலா.”

அவர் நிஜமாகவே யோசித்தார்.
“அது எந்த டிவிஷன்?”

சிரித்திருக்கக் கூடாது.
சிரிக்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பார் என்று
இன்னமும் ஷம்சாத் சொல்கிறாள்.
இரண்டு பேருக்கும் சேர்த்து ஐந்நூற்று இருபது.
ரசீதில் புறப்படும் இடம் மதுரை,
சேரும் இடம் மதுரை.
அவர் பேனா எழுதவில்லை,
எங்கள் பேனாவைத்தான் கொடுத்தோம்.

அவர் போனபின் பேனாவை உதறிவிட்டு
நாள், நேரம், தூரம் எல்லாம் போட்டு
அதையும் டைரியில் ஏற்றினாள்.
தூரம்: சைபர்.
முன்பதிவு: தேவையில்லை.
நாற்பது யூரோ மிச்சத்தில் இதைக் கழித்து
வந்ததை இரண்டு கோடு போட்டு மூடினாள்.

மைக்கில் ஏதோ வண்டி தாமதம் என்றார்கள்.
“போய்ப் புதுசா ரெண்டு சீட்டு எடு” என்றாள்.
“மிலான் வரைக்குமாச்சும் போயிருவோம்.”