மூன்று பட்டைச் சதுரக்கள்ளி

சதுரக்கள்ளி என்றுதான் பெயர்.
எண்ணிப் பார்த்தேன், மூன்றே பட்டை.
ஏற்காட்டில் பூட்டிக் கிடந்த பங்களா ஒன்றின் மதிலோரம்
முழ நீளத்தில் ஒடித்தது.
காசு கொடுத்து வாங்கினால் பிடிக்காதாம்,
திருடினால்தான் தழையுமாம்.
அதைச் சொல்லிக்கொண்டேதான் ஒடித்தேன்.
பால் நிற்காமல் சொட்டியது.
தினத்தாளில் சுற்றி மடியில் வைத்தேன்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
பஸ் சாயச் சாய
தொடையை விசாரித்துக்கொண்டே இறங்கியது.
பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்:
'மீனுங்களா?'
'இல்லைங்க, முள்ளு மட்டும்.'

குகையில் குடியிருந்தோம் அப்போது.
அன்றிரவே நடத் துடித்த கையை
நானே பிடித்து வைக்கவேண்டியிருந்தது.
வெட்டுவாயைத் தண்ணீரில் முக்கிப் பாலை அடக்கி
மீட்டர் பெட்டியின் மேல் கிடத்தினேன்.
ஐந்தாம் நாள் ஓரம் உள்வாங்கியது.
எட்டாம் நாள்
முழங்கால் சிராய்ப்பு ஆறினதுபோல்
ஒரு பொருக்கு.
கொலுசுக்கு அரும்பு பற்றவைக்கிற கை இது,
சூடு ஆறாமல் தொட்டால் என்னவாகுமென்று
தனியாக யாரும் சொல்லவேண்டாம்.
பத்தாம் நாள்
பெயிண்ட் டப்பாவில் ஆணியால் ஏழு ஓட்டை,
கருப்பூர் லாரி சிந்திப்போன வெள்ளைக்கல் சல்லி,
இரண்டு கை செம்மண்.
பட்டறைச் சாமணத்தால் பிடித்து நிறுத்தினேன்.
தண்ணீர் இல்லை.
தண்ணீர் இல்லை என்று மாதையனிடம்
மூன்று தடவை சொன்னேன்.

ஆடியில் உச்சியில் ஓர் இலை,
கொலுசு அரும்பைவிடச் சிறிது.
பிறந்த முள் சிவப்பாக இருந்தது.
அழுத்தினால் மடங்கியது,
ஒரே வாரம்தான் அப்படி.

வீட்டுக்காரர் சித்தேஸ்வரன் வந்து பார்த்தார்.
'கள்ளி வெச்சா குடும்பம் பிரியும்மா.'
'வாடகைய ஏத்தாம இருந்தா பிரியாதுங்க.'
ஏற்றினார்.

காலி செய்த நாளில்
அது என் தோளுக்கு மேல் ஐந்து கையோடு நின்றது.
டப்பா கிழிந்து வேர் தரையில் இறங்கிவிட்டிருந்தது.
ஆட்டோக்காரர் பார்த்துவிட்டு
'அக்கா, அதுக்குத் தனி வண்டி' என்றார்.
ஒரு கையை மட்டும் ஒடித்துக்கொண்டேன்.
பொன்னம்மாபேட்டையிலும் அப்படியே.
கிச்சிப்பாளையத்திலும்.
முன்பணத்தில் வெள்ளையடிக்கப் பிடித்தார்கள்.
நின்ற கள்ளிக்கு யாரும்
ஒரு ரூபாய் திருப்பவில்லை.

போன ஐப்பசியில் எட்டு நாள் விடாத மழை.
மாதையன் பாசக்காரர்.
மழைக்கு மேலும் ஒரு சொம்பு.
அடித்தண்டு கனிந்த பழம்போல் விரலுக்குள் இறங்க,
ஜவ்வரிசி ஆலைத் தொட்டியின் வாடை
வாசல்வரை வந்தது.
பொன்னம்மாபேட்டை வீட்டை இடித்து
பைக் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள்.
குகைக்குப் போனேன்.

மதிலைத் தாண்டி இரண்டாள் உயரம்.
ஒரு காற்றாடி, ஒரு பள்ளிக்கூடச் சட்டை
அதில் மாட்டிக் கிழிந்திருந்தன.
கீழே வரிசையாகத் தயிர் டப்பாக்களில்
விரல் விரலாய்க் குட்டிகள்.
அட்டையில் எழுதியிருந்தது:
கள்ளி ரூ.30, திருஷ்டிக்கு நல்லது.

சித்தேஸ்வரனுக்கு என்னைத் தெரியவில்லை.
புதிதாக ஒரு துண்டு வெட்டி நீட்டினார்.
'உடனே நட்றாதம்மா. பத்து நாள் காயணும்.
பால் கண்ணுல படக்கூடாது.
மீட்டர் பெட்டி மேல வெச்சிரு, அதான் வாகு.
மலையில இருந்து நானே கொண்டாந்த ஜாதி இது.'
'அப்படிங்களா' என்றேன்.
ஐம்பது ரூபாய்த் தாள் கொடுத்தேன்.
சில்லறை எடுக்க உள்ளே போனார்.

இப்போது மீட்டர் பெட்டியின் மேல்
இரண்டு துண்டுகள்.
எது வாங்கினது, எது இன்னொன்று என்று
மாதையன் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.
இன்று நான்காம் நாள்.
கையில் சொம்பு வேறு.