ஒன்பதாம் கட்டில்

பாடாங் செராய் பெரிய சாலையில்
டயர் கடைக்கு மேல்மாடி எங்கள் இல்லம்.
ஜன்னலைத் திறந்தால் செம்பனை ஆலை வாடை.
மூடினால் டெட்டால்.

ஒன்பதாம் கட்டிலுக்கு வந்தவளின் அடையாளக் கார்டில்
லிம் ஆ மோய் என்றிருந்தது.
முகமும் அதையே சொன்னது.
ஆகவே கஞ்சி கொடுத்தோம், பீங்கான் கரண்டியோடு.
ஹொக்கியன் தெரிந்த சியூ லெங்கைப்
பக்கத்தில் உட்கார வைத்தோம்.
சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு உரித்து நீட்டினோம்.
மூன்று மாதம் அவள் ஒரு சொல் பேசவில்லை.
டின் பாலில்தான் உயிர் நின்றது.

கோப்பில் எழுதியது என் கைதான்:
உணவு மறுக்கிறார்.
ஒத்துழைப்பதில்லை.
வலக்கை விரலால் நெற்றியை ஓயாமல் தேய்க்கிறார்,
தோல் சிவந்துள்ளது, கையுறை கட்டவும்.
கட்டினோம்.
பஞ்சு வைத்த வெள்ளை உறைகளோடு
தோற்றுப்போன குத்துச்சண்டைக்காரியாய்ச்
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

ஒரு மழை நாள். ஆள் குறைவு.
ஈரப் போர்வையை உருவும்போது
வாய்க்குள் முணுமுணுத்தேன்:
"கல்லு மாதிரி கெடக்குது பாரு சீனக் கெழவி."

சுவர்ப்பக்கமிருந்து வந்தது:
"கல்லு ஒன் நெஞ்சுலடி.
துணிய மெதுவா இழு."

லயத்துத் தமிழ்.
தண்ணிக் குழாயடியில் சண்டை போட்டுப் பழகிய தமிழ்.
போர்வையோடு நின்றேன்.
எத்தனை நாள் எதையெல்லாம் பேசியிருக்கிறேன்
அந்தக் காதுக்கு மேலே.

மாதாமாதம் பணம் அனுப்பும் ஜோகூர் பையனை அழைத்தேன்.
"பெரியம்மாதான் மிஸி. பவுனம்மா.
பால்மரம் வெட்டுனவங்க.
கைப்புள்ளயா இருந்தப்ப ஒரு சீனக் குடும்பம்
எங்க பாட்டன்கிட்ட குடுத்துட்டுப் போச்சாம்.
ஒங்க ஃபாரத்துல ஐசி நம்பர் கேட்டீங்க, எழுதுனேன்.
இதுக்குக் கட்டம் இல்லியே?"

உறையை அவிழ்த்தேன்.
விரல் நேராகப் புருவ நடுவுக்குப் போனது.
தடவியது. மறுபடி தடவியது.
அடிப் பாவி, என்றேன் எனக்கு நானே.
இல்லாததைத் தேடிய விரலைத்தான்
இத்தனை நாள் கட்டிப்போட்டிருந்தேன்.

கீழே இறங்கி மழையோடு ஓடினேன்.
இரண்டு வெள்ளிக்கு ஓர் அட்டை ஒட்டுப்பொட்டு,
அரக்குச் சிவப்பு.

அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை.
மாத்திரையை இன்றும் துப்புகிறாள்.
சில நாள் நான் ராசாத்தி. சில நாள் திருடி.
கருவாட்டுக் குழம்பு ஊற்றித் தட்டை மடியில் வைத்தால்
கையால் பிசைந்து பாதி தின்கிறாள்,
பாதியைச் சியூ லெங்குக்கு ஊட்டப் பார்க்கிறாள்.
ஆ மோய் என்றால் திரும்புவதில்லை.
பவுனம்மா என்றாலும், சில நாள்.

படுக்குமுன் பொட்டை எடுத்துக்
கட்டில் கம்பியில் ஒட்டுகிறாள்.
காலையில் அது நினைவில்லை, புதிது கேட்கிறாள்.
கம்பி நெடுக இப்போது சிவப்பு.

போன வாரம் சோதனைக்கு வந்த அதிகாரி
குனிந்து பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்து,
துரு என்று எழுதப் போனார்.

கொஞ்சம் இருங்கள், என்றேன்.