கையிருப்பு: குறை ஒன்று

பகாவ். செவ்வாய் இரவு, ஒன்பது பத்து.
கீழே மோட்டார் கடையின் ஷட்டர் இறங்கிவிட்டது.
மேலே ஐந்து பேர், ஒரு மேசை, ஒரு குகை.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
திருப்பத்தில் கியர் மாற்றும்போதெல்லாம்
பகடைகள் லேசாக நகரும்.
நகர்ந்த பகடை செல்லாது என்பது
எங்கள் முதல் விதி.

இரண்டாவது விதி என்னுடையது:
எழுதாத பொருள், இல்லாத பொருள்.

பகலில் நான் தோட்டத்து ஸ்டோர் கிராணி.
பெரட்டு முடிந்ததும் என் சன்னல் முன் வரிசை நிற்கும்.
உர மூட்டை, கழி அரிவாள், கையுறை, பூட்ஸ்.
யாருக்கு, எத்தனை, என்றைக்கு, மீதி எவ்வளவு:
நாலு கட்டமும் நிரம்பாமல் சாவியைத் தொடமாட்டேன்.
இரவிலும் அதே நாலு கட்டம், அதே நீலப் பேனா.
தீப்பந்தம் ஆறு. அம்பு பதினொன்று.
யாராலும் படிக்க முடியாத வரைபடம் ஒன்று.

"கயிறு இருக்கு" என்கிறான் சர்வேந்திரன்
பாதாளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு,
அதாவது நாற்காலியில் உட்கார்ந்து
ரொட்டியைப் பருப்பில் நனைத்துக்கொண்டு.
"ஐம்பது அடி. எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரிந்ததுதான் முதலில் தொலைகிறது.
பக்கத்தைப் புரட்டுகிறேன்.
பிப்ரவரி பதினெட்டு. கயிறு.
முப்பது அடியை அறுத்துக்
கிணற்றுத் தூணோடு விட்டது யுகேந்திரி.
மீதி இருபது.
பள்ளமோ நாற்பது.

கிழியாத கையுறைக்கு மாற்று கேட்டு நிற்பவனின் முகம்
அப்படியே அவனிடம் வருகிறது.
"ஒரு கயிறுதானே லா."

ஒரு கயிறுதான்.
கூடாரத் துணி, இரண்டு இடைவார்,
செத்த காவலனின் தலைப்பாகை
எல்லாவற்றையும் அதோடு முடிச்சுப் போட்டு
ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம்.
யுகேந்திரிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல்.
ஐம்பது அடி இருந்திருந்தால்
"இறங்கினோம்" என்று ஒரு சொல்லில் போயிருக்கும்.

இவ்வளவு பேசுகிற என் ஏட்டில்
முப்பத்தோராம் பக்கம் சரியில்லை.

மருந்துக் குப்பி. வரவு நான்கு. செலவு ஐந்து.

மார்ச்சில் ஒரு செவ்வாய்.
அன்று காலைதான் பிரவினேஷை மில்லில் நிறுத்தியிருந்தார்கள்.
அவன் சொல்லவில்லை, ஊர் சொல்லியிருந்தது.
அவனுடைய கோடாரிக்காரன் பாலத்தடியில் கிடந்தான்,
உருட்டிய பகடை மூன்றும் கவிழ்ந்து.
நான் ஏட்டைப் பார்த்தேன். காலி.
"ஒரு குப்பி இருக்கு" என்றேன்
"நாலு ஜோடி கையுறை இருக்கு" என்கிற அதே குரலில்.
கிராணி சொன்னால் யார் எழுந்து வந்து பார்ப்பார்கள்?

அதிலிருந்து பத்து வாரம்
பக்கத்துக்குப் பக்கம் தூக்கிக்கொண்டு வருகிறேன்
அந்தக் குறை ஒன்றை.
தோட்டத்து ஏடாக இருந்தால்
ஆடிட்டர் சிவப்பில் வட்டம் போட்டு
விளக்கக் கடிதம் கேட்டிருப்பார்.
இங்கே கேட்க ஆளில்லை.
அதனால்தான் உறுத்துகிறது.

இன்று தே வாங்க நான் இறங்கிய நேரத்தில்
கதை நடத்தும் துவாரகன் ஏட்டை எடுத்திருக்கிறான்.
திரும்பி வந்தபோது அவன் விரல்
முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
அட்டைத் தடுப்புக்குப் பின்னால்
பகடை உருளும் சத்தம் மட்டும் வந்தது.

"வெளியே மழை. கதவு தட்டுறாங்க.
நனைஞ்ச வியாபாரி ஒருத்தர்.
தோளில் மரப்பெட்டி, உள்ளே வரிசையாகக் குழிகள்.
ஒரு குழி காலி.
'பாலத்தடியில் போன குப்பிக்கு இன்னும் காசு வரலை' என்கிறார்.
'உங்களில் கணக்கு எழுதுவது யார்?'"

எல்லாரும் என் பக்கம் திரும்புகிறார்கள்.
பிரவினேஷ் மட்டும் குனிந்து
தன் தாளில் உயிர் என்ற இடத்தில்
பென்சிலில் எழுதிய ஆறைப் பார்க்கிறான்.
பிறகு மெதுவாக என்னை.

பேனா மூடியைக் கழற்றுகிறேன்.
ஸ்கேல் கீழே எங்கோ விழுந்துவிட்டது.
கையாலேயே, கோணலாக,
ஐந்தாவதாக ஒரு கட்டம் இழுக்கிறேன்:
யாரிடமிருந்து.

"உள்ளே வரச் சொல்லு" என்கிறேன்.
"பெயரைக் கேள்.
எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்."