பாதி வாடகைக் கடல்

ஜூலையில் யாராவது பம்பாய் போவார்களா
என்று கேட்டவர்களிடம்
வாடகை பாதி என்றோம்.
பொய்யில்லை.
ஐம்பத்தொன்றும் நாற்பத்தேழும்
தேனிலவு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வதைவிட
அது சுலபமாகவும் இருந்தது.

மலாடில் இரண்டு ஆட்டோக்கள்
மட் தீவு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின.
மூன்றாமவர் பக்கத்துத் தார்ப்பாயை இறக்கிவிட்டு
ஏறச் சொன்னார்.
உள்ளேயும் மழை பெய்தது,
கொஞ்சம் மரியாதையாக.

இருபத்து நான்கு அறைகள். எரிந்த விளக்கு எங்களுடையது.
கடல் பார்த்த அறை என்று
வைபவ் என்கிற பையன் திரையை விலக்கினான்.
கண்ணாடிக்கு அப்பால்
அரிசி களைந்த தண்ணீர், வானம்வரைக்கும்.
எங்கேப்பா கடல்?
அங்கேதான் இருக்கு சார், என்றான்
ஊருக்குப் போன முதலாளியைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

நான் நாகப்பட்டினத்துக்காரி.
எங்கள் கடலில் சூரியன் ஏறும். மழை ஐப்பசியில் வரும்.
இங்கே எல்லாம் தலைகீழ்.
படகுகளைக் கரையேற்றி நீலத் தார்ப்பாய் போர்த்திவிட்டு
நாரியல் பௌர்ணமிவரை காத்திருக்கிறார்கள்.
டப்பாவைத் திறந்து ஹீராபாய் நீட்டியது
போன வெயிலில் காய்ந்த வங்கராவாசி.
விலைக்கு அவள் விரலைக் காட்டினாள், நானும் விரலைக் காட்டினேன்.
கரூர்க்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு
பணம் கொடுத்தார்.

அக்சாவில் சிவப்புக் கொடி.
விசிலும் கையுமாக ஒருவர்
ஊரே தன் பிள்ளைகள் என்பதுபோல் திட்டிக்கொண்டிருந்தார்.
தண்ணீருக்கு நாற்பதடி தள்ளி
பேன்ட்டைக்கூட மடிக்காமல் நின்ற என் கணவருக்கும்
ஒரு விசில்.
நான் என்னய்யா செஞ்சேன், என்று தமிழிலேயே கேட்டார் இவர்.
அந்த ஆள் இரண்டு விரலை உயர்த்தி,
போன ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லி,
விரல்களை மடக்கிக்கொண்டார்.
பிறகு எங்கள் போனை அவரே வாங்கி
எங்களை ஒரு படம் எடுத்தார்.

அறையில் ஒரு கொடி கட்டினேன்.
அவர் சட்டை, என் ஜாக்கெட், அவர் பனியன்.
கல்யாணமாகி ஐந்து வாரம்,
ஒரே கயிற்றில் இதுதான் முதல்முறை.
அவர் வீட்டில் துணி காயப்போடுவது
அவருடைய அக்கா.
மின்விசிறியை ஐந்தில் வைத்தும் எதுவும் காயவில்லை.
நான் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்,
அவர் பார்க்காதபோது மூன்றாவது தடவை.

கரண்ட் போன இரவில்
கேட்காமலேயே சொன்னார்:
வத்சலாவுக்கு இடின்னா பயம்.
பதினோரு வருஷத்துக்கு முன் போனவள்.
உம் என்றேன்.
எனக்கு இடி பயமில்லை என்று சொல்ல
அது நேரமில்லை.
கொஞ்சம் பயந்தும் வைத்தேன்.

கிளம்புகிற காலையில், பெட்டியை மூடியபின்,
வைபவ் கதவைத் தட்டினான்: சார், வந்துடுச்சு.
ஓடிப்போய்ப் பார்த்தோம்.
பால் அதிகமான டீயின் நிறத்தில்
தெர்மகோலும் தேங்காய் மட்டையும்
ஒரு இடதுகால் செருப்புமாக
கொதித்துக்கொண்டிருந்தது.
இதுக்கா, என்றார்.
சிரிக்க ஆரம்பித்து
இருமல்வரை சிரித்தோம்.
ஐந்து நிமிஷம் இருக்கும். மறுபடி மூடிக்கொண்டது.

கரூரில் அக்கா படத்தைப் பார்த்துவிட்டு
கடல் எங்கடா என்கிறாள்.
பின்னாடிதான்.
பின்னாடி வெள்ளையால்ல இருக்கு?
இரண்டு விரலால் விரிக்கிறாள், இன்னும் விரிக்கிறாள்,
எங்கள் தோளைத் தாண்டி, காதைத் தாண்டித் தேடி
வழி தவறி
அவர் சட்டைப் பொத்தானில் வந்து நிற்கிறாள்.

ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கிறார்.
அந்தச் சட்டை
இன்னும் என் பெட்டியில்தான்,
ஈரமாக.