பாயிண்ட் எட்டு

கம்பியின் தடிமன் பாயிண்ட் எட்டு மில்லிமீட்டர்.
யாரும் அதை இழுப்பதில்லை.
பின்னாலிருந்து தள்ளுகிறோம்,
மூன்று மீட்டர் குழாய்க்குள்.
நூலைத் தள்ளியே ஊசி கோர்க்கிற வேலை.
பெட்டிக்குள் ஒரு மோட்டார், இரண்டு சக்கரம்,
வேறொன்றுமில்லை.

கட்டபெட்டுக்குக் கீழே தேயிலை ஃபேக்டரியில்
டிரையர் ஃபேனின் கூடு விரிசல் விட்டது,
ராத்திரி ஒன்பதே காலுக்கு.
மாடியில் பதினோராயிரம் கிலோ பச்சை இலை
வாடிக்கொண்டிருக்கிறது,
வாட வேண்டிய அளவைத் தாண்டி.
"ஜீப் அனுப்பியாச்சு" என்று போனை வைத்துவிட்டான்
சூப்பர்வைசர் பெள்ளிராஜ்.
ஜீப்பில் நல்ல இடம் சிலிண்டருக்கு.
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான்.

முதல் தையல் நாலு விரல்கூட ஓடவில்லை.
கன் விக்கியது.
கம்பி நின்று, உருகி,
செப்பு முனையின் துளையோடு ஒட்டிக்கொண்டது.
முனையில் நடந்தது மோட்டாருக்குத் தெரியாது.
அது பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது.
மூடியைத் திறந்தால் குருவிக்கூடு.
இரண்டு பாகக் கம்பி தனக்குள்ளேயே சுருண்டு,
முட்டை மட்டும்தான் இல்லை.

"நல்லா இறுக்குங்க, போயிடும்."
எல்லோரும் சொல்வது இதைத்தான்.
அவன் பழகியது சுவருக்கு அந்தப்புறம் நிற்கும்
சி.டி.சி. உருளைகளோடு:
பல் வெட்டிய இரண்டு எஃகு உருளை,
ஒன்று மெதுவாய், ஒன்று வேகமாய்.
நடுவில் போன எதுவும் போனபடி வெளியே வராது.
என்னுடையவை பிஸ்கட் அளவு.
ஓரத்தில் வி வெட்டு.
போனது போனபடியே வர வேண்டும்,
அதற்குத்தான் இவை.

இறுக்கினால் கம்பி நசுங்கும்,
செம்புத் தூள் சொரியும், குழாய் அடைக்கும்,
மறுபடி கூடு.
தளர்த்தினால் சேற்றில் மாட்டிய பஸ் டயர்.
கையுறை விரலால் கம்பியைப் பிடித்தால்
சக்கரம் வழுக்க வேண்டும்,
விட்டால் ஓட வேண்டும்.
அந்த இடத்தில் நட்டை நிறுத்துவேன்.
அதற்கு எண் கிடையாது.

நிறுத்தியும் விக்கியது.

ஸ்பூலைத் திருப்பிப் பார்த்தேன். மேல் சுற்று பழுப்பு.
போன செவ்வாய்க்கிழமை உறை போடாமல் தூங்கப் போனவன் நான்.
இந்த ஊர் மூடுபனிக்கு மூன்று ராத்திரி போதும்.
"கரண்ட் சரியில்லை" என்றேன்.
பெள்ளிராஜ் பல்பைப் பார்த்தான். பல்பு நன்றாகத்தான் எரிந்தது.

துருப்பிடித்த சுற்றுகளை வெட்டி எறிந்து,
குழாய்க்குள் கம்ப்ரஸர் காற்றை விட்டேன்.
ஒரு சிட்டிகைத் தூள் தெறித்து
தரையில் கிடந்த டஸ்ட் தேயிலையோடு கலந்தது.
எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.
அவன் குனிந்து விரலால் தொட்டு
மோந்து பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்து கேஸ்.
ஹீட்டர் எரிந்துபோன ரெகுலேட்டரில் பனி வெள்ளையாய் உறைந்து
முள் இறங்கிக்கொண்டே வந்தது.
டேஸ்டிங் ரூமிலிருந்து சுடச்சுட
ஆறு கோப்பை வந்தது.
குடிக்க என்று நினைத்தேன்.
பெள்ளிராஜ் ஒவ்வொன்றாய் எடுத்து
ரெகுலேட்டர் தலையில் ஊற்றினான்.
அந்த டீ கிலோ என்ன விலையோ.

சுக்ராம் ஜார்க்கண்டிலிருந்து வந்தவன்.
ஜன்னல் வழி வரும் காற்றை
இலைச் சாக்கு விரித்து மறைத்து நின்றான்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.
காற்றுக்குக் கேஸைப் பிடிக்காது.
கலைத்துவிட்டுப் போகும்; தையலில்
புழு அரித்தாற்போல் துளை துளையாய்.

விசையை அழுத்தினேன்.
சொடசொடப்பு இல்லை, விக்கல் இல்லை.
ஒரே சீரான பொரியல்,
எண்ணெயில் வடை விழுந்து அடங்கும் சத்தம்.
கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்
வேகமும் வோல்ட்டும் ஒத்துப்போச்சு என்று.
கம்பி தொடும், உருகும், அறும், தொடும்,
ஒரு நொடிக்கு நூறு தடவை,
பின்னாலிருந்து பிஸ்கட் சக்கரங்கள்
வந்துகொண்டே இரு என்று சொல்லிக்கொண்டிருக்க.

மூன்றே முக்காலுக்கு ஃபேன் சுற்றியது.
மாடியிலிருந்து இலை இறங்கியது.
குருவிக்கூட்டை யாரோ ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டுக் கேட்டான்
பெள்ளிராஜ்:
"இதுல கரண்டுக்கு எவ்வளவு கழிக்கணும்?"